கடைசித் தேதியும் கம்பியில் குத்திய காகிதங்களும்

தமிழ்ப் புனைகதைகளில் கடன் வாங்குவோர் நிறைய வருகிறார்கள். நகையை அடகு வைப்போர், வட்டிக்கு விடுவோர், சீட்டுப் பணத்தோடு இரவோடிரவாக ஊரை விட்டுப் போவோர், ஜப்திக்கு வந்த அமீனாவின் முன் நிலைகுலைந்து நிற்போர் என ஒரு நீண்ட வரிசையே உண்டு. மின்கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிட்டு வீடு திரும்பும் ஒருவனை மட்டும் அபூர்வமாகவே சந்திக்கிறோம். கட்டிவிட்டால் அங்கே கதை இல்லை என்பது கதாசிரியனின் நியாயம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு வீட்டை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இருட்டிலிருந்து காப்பாற்றுகிற அந்தச் சிறிய செயலைப் பற்றி எங்கேனும் நான்கு பக்கமாவது எழுதப்பட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறோம்.

கட்டணங்களை நாள் தவறிக் கட்டுவோரைப் பற்றி உலகம் சொல்லும் தீர்ப்பு எளிமையானது: சோம்பேறி. வள்ளுவர் இவ்வளவு அவசரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடியின்மை அதிகாரத்தின் ஐந்தாம் குறளில், கெடவிருப்போர் விரும்புகிற நான்கை அவர் வரிசைப்படுத்துகிறார். நெடுநீர், மறவி, மடி, துயில். இந்நான்கையும் அவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று கொள்வார் பரிமேலழகர். சோம்பலைப் பழிக்க எழுந்த அதிகாரத்திலேயே சோம்பல் மூன்றாம் இடத்தில்தான் நிற்கிறது. முதலிடம் காலம் நீட்டித்தலுக்கு, அடுத்தது மறதிக்கு. இதற்கு ஏழு அதிகாரங்கள் முன்னதாகவே பொச்சாவாமை என்று மறதிக்கெனத் தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கியாயிற்று. செய்யாமை என்ற ஒன்றுக்குள் இத்தனை வேறுபாடுகள் உண்டு என்று கண்டவர், நல்குரவைப் பொருட்பாலின் கடைசிப் பகுதியில் வேறாக நிறுத்தினார். இல்லாமையால் கட்டாதவனும் மறந்ததால் கட்டாதவனும் ஒரே அபராதத்தைச் செலுத்துகிறார்கள் என்பது அலுவலகத்தின் நிர்ப்பந்தம். அவர்களை ஒன்றாக வைத்து நாமும் பேச வேண்டியதில்லை.

நம் அனுபவத்தில் நடுத்தர வீடுகளில் நேரும் தாமதங்களில் பெரும்பாலானவை மறவியும் நெடுநீரும் சேர்ந்து செய்பவை. பணம் இருக்கிறது, கட்டும் எண்ணமும் இருக்கிறது, நாளைக்குக் கட்டலாம் என்று நகர்ந்த நாள் எந்த நாள் என்பது மட்டும் நினைவில் இல்லை. இதற்கு நற்பண்புப் போதனை மருந்தாகாது. மறவி என்பது பெரும்பாலும் இடத்தைப் பொறுத்த ஒன்று என்று நாம் கருதுகிறோம். கடைசித் தேதி என்ற செய்தி வீட்டில் எங்கே இருக்கிறது, எத்தனை கண்களில் படுகிறது என்பதைப் பொறுத்தே அது நினைவிலிருக்கிறது அல்லது விட்டுப்போகிறது. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

*

அதற்கு முன் சொற்களைப் பற்றிச் சிறிது. (தமிழ் படித்தவனிடம் இதைத் தவிர்க்கச் சொல்வது கொடுமை.) கட்டணம் தொடர்பாக நாம் அன்றாடம் புழங்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு வரலாறு தெரிகிறது. கிஸ்தி, பாக்கி, வசூல், ஜப்தி ஆகிய நான்கும் அரபு மூலமுடையவை; ரசீது பாரசீகம்; வாய்தா, வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து உருதுவின் வழியாக வந்து, நீதிமன்றத்தில் வழக்கை ஒத்திப்போடும் நாளைக் குறிக்கும் சொல்லாக இங்கே குடியேறிவிட்டது. வாக்குறுதி ஒத்திவைப்பாக மாறிய இந்தப் பொருள் மாற்றத்தை நெடுநீர் என்ற சொல்லுக்கு உரையாகவே கொடுக்கலாம். இவையெல்லாம் நவாபுகளின் வருவாய் நிர்வாகத்தோடும் பின்னர் கும்பினியின் கச்சேரிகளோடும் நம் வாயில் ஏறியவை. அதாவது, மேலிருந்து ஒருவர் வந்து கேட்கும்போது எழும் சொற்கள். மறுபுறம் வரவு, செலவு, பற்று, இருப்பு, நிலுவை, பேரேடு, ஐந்தொகை என்று நம் வணிகர்கள் தம் கணக்கைத் தாமே எழுதிக்கொண்ட சொற்கள் இருக்கின்றன. இவை தமிழ். செட்டிநாட்டுப் பெட்டகசாலைகளில் இச்சொற்களைக் கொண்டு கடல் கடந்த வாணிபத்துக்கே கணக்கு எழுதினார்கள்.

வீடு இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கேட்கும் சொற்களை வீடு கற்றுக்கொண்டது. எழுதிக்கொள்ளும் சொற்களைக் கடைகளிலேயே விட்டுவிட்டது. சரசுவதி பூசையன்று பலசரக்குக் கடையில் பேரேட்டுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளின் பாடநூல்கள் அடுக்கப்படுகின்றன. வீட்டுக் கணக்கு நோட்டை அந்த அடுக்கில் நாம் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கிஸ்தி என்றவுடன் நம் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய தலைமுறைக்கும் நினைவில் எழுவது 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படம். கட்ட மறுத்தவன் நம் மனத்தில் வீரன். அந்நியனுக்கு மறுத்ததால் அது வீரம், சரியே. ஆனால் கட்டுவதில் ஏதோ ஒரு தாழ்வும், கட்டாமல் இருப்பதில் ஏதோ ஒரு மிடுக்கும் இருப்பதாக ஒரு மெல்லிய எண்ணம் அந்த வசனங்களோடு சேர்ந்து தங்கிவிட்டதோ என்று சில சமயம் தோன்றுகிறது. "வந்து கேட்கட்டுமே, கட்டிக்கொள்ளலாம்" என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்லும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வருவது ஜாக்சன் துரையல்ல, ஃபியூசைப் பிடுங்க வரும் மின்வாரிய ஊழியர்.

*

முன்பு இந்தச் செய்தி சுவரில் இருந்தது. மீட்டர்ப் பெட்டிக்கு அருகில் மின்வாரியத்தின் வெள்ளை அட்டை ஆணியில் தொங்கும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் அதில் தேதி, மீட்டர் எண்ணிக்கை, செலவான யூனிட், கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றைக் கிறுக்கலாக எழுதிவிட்டுப் போவார். அளந்த நாளிலிருந்து இருபது நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும் என்பது வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. (வாரியத்தின் பெயர் 2010இல் ஒருமுறையும் 2024இல் ஒருமுறையும் மாறிவிட்டது. மக்கள் வாயில் அது இன்னும் ஈ.பி.தான். இக்கட்டுரையிலும் வாரியம் என்றே குறிப்பிடுகிறோம்.) அந்த அட்டையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை பார்க்கும், வாசல் தெளிக்க வரும் பாட்டி பார்ப்பாள், "ரீடிங் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்ற செய்தி மாலைக்குள் குடும்பத்தலைவரை எட்டிவிடும். யாரும் யாரையும் நினைவூட்டும் பொறுப்பை ஏற்கவில்லை. அட்டை ஏற்றிருந்தது.

அட்டைக்குத் துணையாக நாள்தோறும் கிழிக்கும் தினசரிக் காலண்டர். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் ஆகியவற்றுக்கு நடுவே கிடைத்த வெற்றிடத்தில் "பால் கார்டு", "ஸ்கூல் ஃபீஸ்", "எல்.ஐ.சி." என்று பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அந்த நாள் வந்ததும் தாளைக் கிழிக்க நீண்ட கை அங்கே நின்றுவிடும். கட்டி முடித்த ரசீது மேலே வளைந்த கொக்கியும் கீழே வட்டக் கட்டையுமாகத் தொங்கும் கம்பியில் குத்தப்படும். அந்தக் கம்பியில் மேலே இருப்பது அண்மையது. கீழே போகப் போகப் பழையது. இதைவிட எளிய காலவரிசைக் கோப்பு முறையை எந்த நூலகவியல் அறிஞரும் கண்டுபிடித்துவிட முடியாது. பத்திரம், பாலிசி, பிறப்புச் சான்றிதழ் போன்ற பெரிய காகிதங்கள் மஞ்சள் பையில் சுருட்டப்பட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். பணத்தைப் பிரித்து வைக்கும் வேலையைச் சமையலறை டப்பாக்கள் பார்த்துக்கொண்டன. கடுகு டப்பாவில் இருப்பது பால் பணம், துவரம்பருப்புக்கு அடியில் இருப்பது வாடகை. ஒன்றின் பணம் மற்றொன்றுக்குப் போகாது. போனாலும் டப்பா அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் பழம்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து வரிசைகளை நாம் மறக்கவில்லை. மதியத்தோடு மூடும் வசூல் சாளரத்தின் முன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். சில்லறை இல்லை என்றால் மீண்டும் வரிசையின் கடைசி. ஆண்கள் அலுவலகத்தில் இருக்க, அந்த வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றவர்களும் உண்டு. 2016இல் யுபிஐ வந்த பிறகு ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஒன்பது கட்டணங்களைக் கட்டிவிடலாம். வரிசை ஒழிந்தது பெரிய விடுதலைதான்.

வரிசையோடு சுவரும் ஒழிந்தது என்பதே நம் கவலை. இன்று கட்டணத் தொகை குறுஞ்செய்தியாக வருகிறது. யாருடைய கைப்பேசிக்கு? ஒருவருடையதற்கு. அவர் அதைப் பார்க்கும்போது பேருந்தில் இருக்கலாம், வகுப்பில் இருக்கலாம். நகைக்கடையின் தள்ளுபடி அறிவிப்புக்கும் ஏதோ ஒரு கடன் நிறுவனத்தின் அழைப்புக்கும் நடுவில் அது ஒரு வரியாக வந்து, அடுத்த ஐந்து செய்திகளால் மேலே தள்ளப்பட்டு மறைந்துவிடும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அப்படியொரு செய்தி வந்ததே தெரியாது. நால்வர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒன்று ஒருவரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் மறந்தால் வீடே மறந்தது போல.

அவர் மறக்காதவராக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எல்லாக் கட்டணங்களையும் தந்தையே கட்டிவந்தார். ஓய்வுபெற்ற கணக்கர், இருபது ஆண்டுகளில் ஒரு நாள் பிசகியதில்லை. ஒரு நாள் காலை மூளையில் இரத்தக் கசிவு. ஏழு வாரங்கள் மருத்துவமனை. அந்த ஏழு வாரங்களில் முதலில் போனது இணையம், பிறகு மின்சாரம். அவர் துணைவியாருக்கு இணைப்பு எண் தெரியாது. மகனுக்கு எந்த வங்கிக் கணக்கிலிருந்து எது போகிறது என்று தெரியாது. கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. பேசமுடியாத மனிதரின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்துத் திறந்தார்கள். திறந்தபோது காப்பீட்டு நிறுவனத்தின் நினைவூட்டல் செய்தி ஒன்று இருந்தது. ஆயுள் காப்பீட்டில் காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாட்களும் மாதத் தவணைக்கு 15 நாட்களும் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கடந்திருந்தது. சலுகை நாட்கள் கடந்தால் பாலிசி தளர்ந்துவிடும். சில ஆண்டுகள் கட்டியிருந்தால் குறைந்த தொகைக்கு நிற்கும். இல்லையென்றால் அதுவும் இல்லை. புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பிக்கும்போது உடல்நலச் சான்று கேட்பார்கள். அந்த வீட்டில் யாருடைய உடல்நலத்துக்குச் சான்று கேட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தந்தையிடம் மடியும் இல்லை, மறவியும் இல்லை. அவர் செய்த ஒழுங்கு அவர் ஒருவருக்குள் மட்டுமே இருந்தது.

இது விதிவிலக்கு என்று சொல்வோர் 2022ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பார்க்கட்டும். மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்து, 2023 பிப்ரவரி இறுதி வரை கெடு நீட்டிக்கப்பட்டபோது, எத்தனை வீடுகளில் இணைப்பு இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது என்பது வெளிப்பட்டது. வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பெயரில் இருந்தவையும் உண்டு. நாற்பது ஆண்டுகளாகக் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்; யார் பெயரில் கட்டுகிறோம் என்று ஒருவரும் வாசிக்கவில்லை. (கெடு என்ற சொல்லையும் வள்ளுவரின் கெடுநீரார் என்பதையும் ஒட்டவைத்து ஒரு பத்தி எழுதத் தமிழாசிரியர்க்குக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுகிறோம்.)

*

இக்காலத்துக்கு இதற்கெல்லாம் தானியங்கிக் கட்டணமே விடை என்று நம் மாணவர்கள் சொல்கிறார்கள். வங்கிக்கு ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் அது தானே எடுத்துக்கொள்ளும். ஓரளவு உண்மை. இணையக் கட்டணம் போல மாதாமாதம் மாறாத தொகைக்கு அது மிகவும் ஏற்றது. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, அட்டை, யுபிஐ வழியே இவ்வாறு பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய தொகைக்கு முதலில் 5000 ரூபாய் என்றும், 2022இல் 15,000 ரூபாய் என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். 2023இன் இறுதியில் காப்பீட்டுத் தவணை போன்ற சிலவற்றுக்கு மட்டும் அது ஒரு லட்சமாயிற்று. அந்த 24 மணி நேரம் நமக்குத் தரப்பட்டிருப்பது வாசிப்பதற்காக. வாசிக்காமல் விட்டால், கணக்கில் போதிய பணம் இல்லாத நாளில் திரும்பிப்போன தவணைக்கு வங்கி ஒரு தண்டத்தையும் நிறுவனம் ஒரு தண்டத்தையும் விதிக்கும்.

மின்கட்டணத்தை வாசிக்காமல் கட்டுவது தனிப் பிழை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016 முதல் உள்ள நடைமுறை. அதன்மேல் படிப்படியாக விகிதம் ஏறும். இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழேயுள்ள படிகளின் விகிதமும் மாறி மொத்தக் கணக்கும் மேலே போய்விடும். இப்போது, அறுபது நாளில் எடுக்க வேண்டிய அளவை அறுபத்தெட்டாம் நாள் எடுத்தால் என்ன ஆகும்? அந்த எட்டு நாளில் ஓடிய மின்விசிறி வீட்டை அடுத்த படிக்கு ஏற்றிவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சென்ற முறை எந்தத் தேதியில் அளந்தார்கள் என்பது வீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தானியங்கி இதைக் கேட்காது. அது பணத்தைக் கொடுத்துவிட்டு நன்றி என்று செய்தி அனுப்பும்.

ஆகவே சுவரை மீட்க வேண்டும் என்கிறோம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு முழுத்தாள். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறமோ, பூசை அறைக்கு எதிரிலோ, வீட்டார் எல்லோரும் நாள்தோறும் கடக்கும் ஓரிடம். அதில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு வரி: இணைப்பு எண், யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கிலிருந்து, கடைசியாகக் கட்டிய நாள். கடவுச்சொல்லைச் சுவரில் எழுத வேண்டாம். அதை எழுதி வைத்த உறை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது இருவருக்குத் தெரிந்தால் போதும். நம் வீட்டில் இந்தத் தாள் கிரைண்டருக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. மாவு தெறித்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றி எழுதும்போதுதான் பயன்படாத பழைய இணைப்புக்கு இன்னும் பணம் போவது கண்ணில் படும் என்பதால் அதுவும் நல்லதற்கே.

மாதக் கட்டணங்கள் உண்மையில் பெரிய தொல்லை தருவதில்லை. சம்பளம் வந்த மூன்றாம் நாள் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவை தீர்ந்துவிடும். கழுத்தைப் பிடிப்பவை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை வருபவை. சொத்து வரிக்கு அரையாண்டுகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகின்றன. வண்டிக் காப்பீடு வண்டி வாங்கிய தேதியைத் தொடர்ந்து வரும். பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஜூனில். ஆண்டுக்கு ஒருமுறை வருவதை மனம் நினைவில் வைப்பதில்லை. அது திருவிழாவாக இருந்தாலொழிய. நம் முன்னோர் வரி செலுத்தும் தவணைக் காலத்தைக் கந்தாயம் என்றார்கள். ஆண்டை நான்கு நான்கு மாதங்களாகப் பிரித்து, பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கந்தாய பலன் என்று இன்றும் போடுகிறார்கள். வரியின் காலமும் பலனின் காலமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன என்பது எவ்வளவு நடைமுறை அறிவு! ஆகவே நாமும் இந்த ஆண்டுக் கட்டணங்களைப் பண்டிகைகளோடு முடிந்து வைக்கச் சொல்கிறோம். புத்தாண்டுப் பஞ்சாங்கம் வாங்கும்போது சொத்து வரி, சரசுவதி பூசையை ஒட்டி அடுத்த அரையாண்டு வரி. அன்றே, கணக்கு நோட்டையும் பாடநூல்களோடு அடுக்கினால் கலைமகள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பணத்தையும் மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒதுக்கிவைத்தால்தான் அந்த மாதம் மூச்சு முட்டாது. டப்பா இல்லையென்றால் தொடர்வைப்புக் கணக்கு. டப்பா செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

பிறகு ரசீது. பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. மணக்கோலத்தில் இருக்கும் நம்பியாரூரரிடம் கிழவேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, இதோ ஓலை என்கிறார். நம்பி அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு நடக்கும்போது கிழவர் சொல்கிறார், கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று. அவையோர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம். உலகத்தையே படைத்துக் காத்து அழிப்பவனுக்கும் ஆவணத்தின் மூலத்தைத் தனியே எடுத்துவைக்க வேண்டியிருந்தது என்றால், கைப்பேசித் திரையைப் படமெடுத்துவிட்டுத் திருப்தியடைகிற நாம் எம்மாத்திரம்? கைப்பேசி தொலைந்தால் அதோடு தொலைகிற சான்றுக்குப் படியோலையின் மதிப்புகூட இல்லை. சொத்து வரி, காப்பீடு ஆகியவற்றின் ரசீதுகளையாவது அச்செடுத்துக் கம்பியில் குத்துங்கள். பழைய நிலுவை என்று ஆறு ஆண்டுகள் கழித்து ஓர் அறிவிப்பு வரும்போது அதன் அருமை தெரியும்.

*

இதில் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பணம் கட்டுபவர் வேறு, நினைவில் வைப்பவர் வேறு என்பது பல வீடுகளின் நடப்பு. "ஏங்க, வரி கட்டணுமே" என்று மூன்று முறை சொன்னவர் ஒருவர். நான்காம் முறை சொல்லும்போது சலித்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டை நிர்வகிப்பவர் தாமே என்று நம்புகிறவர் இன்னொருவர். அழுத்துவதற்கு ஒரு நொடி. நினைவில் சுமப்பதற்கு இருபது நாள். இந்தச் சுமைக்கு எந்த நோட்டிலும் வரவும் இல்லை, பற்றும் இல்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டுவதால் அந்தச் சுமையில் ஒரு பகுதியாவது தாளுக்கு மாறும். குறைந்தது, நச்சரிக்கிறாள் என்ற பெயராவது குறையும்.

இவ்வளவும் காகிதம் கிடைக்கிற வீடுகளுக்கு. காகிதமே தரப்படாத வீடுகள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் ஐந்தாறு குடித்தனங்கள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் துணை மீட்டர் பொருத்தி, வாரியத்தின் விகிதம் எதுவாக இருந்தாலும் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தாமே விலை வைக்கும் வீட்டுக்காரர்களை நகரங்களில் எங்கும் பார்க்கலாம். அந்தக் குடித்தனக்காரர்களுக்கு முதல் நூறு யூனிட் இலவசமும் இல்லை, அட்டையும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை. இருபது நாள் அவகாசமும் கிடையாது. வாடகையோடு ஐந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் ஃபியூசைப் பிடுங்குபவர் மாடியிலேயே குடியிருக்கிறார்.

நம் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா அப்படியொரு குடித்தனத்தில் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. மகனின் பழைய பள்ளி நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி துணை மீட்டரின் எண்ணை அவனை எழுதச் சொல்கிறார். கொடுத்த தொகையையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறார். மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. ஒருமுறை அந்த நோட்டை வீட்டுக்காரரிடம் நீட்டி ஒரு கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எதற்கு, நம்பிக்கை இல்லையா என்று அவர் கேட்டாராம். கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சென்ற முதல் தேதியும் பையன் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, அடுத்த மாதத்தின் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறான்.